பல நாடுகள் சுற்றியபின் ஜாக்சன் ஹைட்ஸில் குடியேற: முழுமையான வழிகாட்டி

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், லகார்டியா விமான நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது ஜாக்சன் ஹைட்ஸ். தெற்கே ரூஸ்வெல்ட் அவென்யூ, கிழக்கே ஜங்ஷன் பூல்வார்ட், மேற்கே நெடுஞ்சாலை, வடக்கே நார்தர்ன் பூல்வார்டும் அதைத் தாண்டிய சில தெருக்களும். நிதானமாக நடந்தால் ஒரே பிற்பகலில் முழுவதையும் பார்த்துவிடலாம். அந்தச் சிறிய பரப்புக்குள் வங்காளதேசத்தவர், நேபாளிகள், திபெத்தியர், பஞ்சாபியர், குஜராத்தியர், கொலம்பியர், எக்குவடோரியர், மெக்சிகோக்காரர்கள் எனப் பல நாட்டவர் ஒருவர் வீட்டுச் சுவரை ஒருவர் பகிர்ந்து வாழ்கிறார்கள்.

வேலைக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ தொண்டுப் பணிக்காகவோ ஆண்டுக்கணக்கில் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, இனி ஓரிடத்தில் குடும்பத்தோடு தங்கலாம் என்று முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவன். நம்மைப் போன்றவர்களுக்குப் புதிய ஊரில் இறங்கத் தெரியும். விமான நிலையத்திலிருந்து பஸ் பிடிக்க, பேரம் பேச, மொழி தெரியாமல் சமாளிக்கத் தெரியும். தங்கிப் பழகத்தான் தெரியாது. எந்த ஊரையும் சில மாதத்தில் விட்டுப் போகப்போகும் ஊராகவே பார்த்துப் பழகிய கண் நமக்கு. அந்தக் கண்ணோடு இங்கே வருபவர், ஒரு மாதம் எல்லா நாட்டுச் சாப்பாட்டையும் ருசி பார்த்துவிட்டு அடுத்த ஆண்டும் அயலாராகவே இருப்பார். ஆகவே கீழே சொல்லும் படிகளில் பாதி தாள்களைப் பற்றியவை, பாதி மனிதர்களைப் பற்றியவை.

படி 1: விமானம் ஏறுமுன் தாள்களைச் சேருங்கள்

நீண்ட காலம் வெளியே இருந்தவருக்கு வரும் சிக்கல்கள் புதிதாக வருபவருக்கு வருபவற்றிலிருந்து வேறுபட்டவை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், குடியுரிமைக்கு வேண்டிய தொடர்ச்சியான வசிப்பு கேள்விக்கு உள்ளாகும். ஓராண்டு அல்லது அதற்கு மேல் வெளியே இருக்கப் போகிறவர், கிளம்புமுன்பே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். இந்த இரண்டு எல்லைகளில் எதையாவது தாண்டியிருந்தால், டிக்கெட் எடுக்குமுன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். குடியுரிமை இல்லாதவர் வீடு மாறிய பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற படிவத்தில் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலானோர் மறந்துவிடும் கடமை இது.

சுற்றித் திரிந்த நாடுகளில் வங்கிக் கணக்குகள் இருக்கும். அவற்றில் உள்ள தொகை எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், அமெரிக்கக் குடிமக்களும், வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவராகக் கருதப்படுவோரும் அதை எஃப்பார் என்ற அறிக்கையில் தெரிவித்தாக வேண்டும். ஊரில் அம்மாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கும் இதில் சேரும். வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றாலும் அறிக்கை தராமல் விட்டால் அபராதம் கடுமையானது.

பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவுகள், பள்ளி மதிப்பெண் சான்றுகள், கடைசியாக வாடகைக்கு இருந்த வீட்டு உரிமையாளரின் பரிந்துரைக் கடிதம், ஆறு மாத வங்கி அறிக்கை, வேலைக் கடிதம் ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். கப்பலில் வரும் பெட்டியில் போட்டால், தேவைப்படும் நாளில் அவை நடுக்கடலில் இருக்கும்.

படி 2: முகவரி முறையைப் புரிந்துகொண்டு நடங்கள்

குவீன்ஸ் முகவரிகள் முதல் பார்வையில் மிரட்டும். 37-46, 74-வது தெரு என்று எழுதியிருந்தால், கட்டடம் 74-வது தெருவில், 37-வது அவென்யூவை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. 46 என்பது கட்டடத்தின் எண். கோட்டுக்கு முன்னால் உள்ள எண் குறுக்குச் சாலையைச் சொல்லிவிடும். ஸ்ட்ரீட் எனப்படுபவை வடக்குத் தெற்காக ஓடுகின்றன. கிழக்கே போகப் போக எண் கூடும். அவென்யூ எனப்படுபவை கிழக்கு மேற்காக ஓடுகின்றன. தெற்கே இறங்க இறங்க எண் கூடும். ஒரே எண்ணில் அவென்யூவும் ரோடும் டிரைவும் அடுத்தடுத்து வரலாம், கவனம். இது பிடிபட்டுவிட்டால் கைபேசி இல்லாமலேயே எங்கும் போகலாம்.

பிறகு நடங்கள். 74-வது தெருவில் தொடங்குங்கள். 1970களில் சாம் அண்ட் ராஜ் என்ற மின்சாதனக் கடை இங்கே வந்தது. ஊருக்குப் போகும் இந்தியர்கள் 220 வோல்ட்டில் ஓடும் சாமான்களை இங்கே வாங்கிக்கொண்டு போனார்கள். அதைச் சுற்றிப் புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் மளிகைக் கடைகளும் முளைத்தன. ஒரு தெரு தள்ளி, 73-வது தெரு முழுக்க வங்காளதேசக் கடைகள். இரண்டுக்கும் நடுவே, 37-வது ரோட்டில் வாகனப் போக்குவரத்தைத் தடுத்துவிட்டு உருவாக்கிய டைவர்சிட்டி பிளாசா என்ற திறந்தவெளிச் சதுக்கம். மாலையில் முதியவர்கள் தேநீரோடு அரசியல் பேசுவதும், தங்கள் நாட்டில் ஏதாவது நடந்தால் கூட்டம் கூடிக் குரல் கொடுப்பதும் அங்கேதான். ரூஸ்வெல்ட் அவென்யூவில் கிழக்கே நடந்தால் 82-வது தெரு நெருங்கும்போது கடைப் பலகைகள் ஸ்பானிஷ் மொழிக்கு மாறியிருக்கும். மேற்கே 69-வது தெருப் பக்கம் போனால் பிலிப்பைன்ஸ்காரர்களின் கடைகள். தெற்கே ரயில் பாதையைத் தாண்டினால் எல்ம்ஹர்ஸ்ட். அங்கே சீன, தாய்லாந்து, இந்தோனேசியக் கடைகள்.

வடக்கே இருக்கும் தோட்டக் குடியிருப்புகளையும் பாருங்கள். குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் 1910களிலும் 1920களிலும் கட்டியவை. தெருவிலிருந்து பார்த்தால் செங்கல் சுவர் மட்டுமே தெரியும், உள்ளே ஒரு பிளாக்கின் நீளத்துக்குத் தோட்டம் இருக்கும். வெள்ளையரான புராட்டஸ்டன்ட் நடுத்தரக் குடும்பங்களுக்கென்று கட்டப்பட்டவை இவை. யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அன்று இங்கே இடமில்லை. 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய பிறகுதான் இந்த வட்டாரத்தின் முகம் மாறியது. இங்குள்ள சகவாழ்வு தானாக வந்துவிடவில்லை. 1990-இல் ஹூலியோ ரிவேரா என்ற இளைஞர் ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக இங்கே கொல்லப்பட்டார். அந்தக் கோபத்திலிருந்து 1993-இல் பிரைடு எனப்படும், பாலினச் சிறுபான்மையினரின் பெருமித ஊர்வலம் குவீன்ஸில் முதல் முறையாக இதே 37-வது அவென்யூவில் கிளம்பியது. 78-வது தெரு முனைக்கு இன்று அவர் பெயர். குடிவருகிறவர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு வருவது முக்கியம் என்று நினைக்கிறேன். நமக்குக் கிடைக்கும் இடத்துக்காக வேறு யாரோ பாடுபட்டிருக்கிறார்கள்.

படி 3: வீடு

இதுதான் கடினமான படி. நிதானமாகச் சொல்கிறேன்.

பெரிய கட்டடங்களின் உரிமையாளர்கள் பொதுவாக மாத வாடகையைப் போல் 40 மடங்கு ஆண்டு வருமானம் கேட்பார்கள். 2,500 டாலர் வாடகை என்றால் 1,00,000 டாலர். அதோடு அமெரிக்கக் கடன் மதிப்பெண்ணும் வேண்டும், அதாவது இங்கே வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் எண். பத்தாண்டு வெளிநாட்டில் ஒழுங்காக வாடகை கட்டியவருக்கும் இங்கே அந்த மதிப்பெண் இருக்காது. ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் 2019-இல் வந்த மாநிலச் சட்டப்படி உரிமையாளர் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்வைப்பு வாங்கக் கூடாது, ஆகவே பலர் மறுத்துவிடுவார்கள். இதற்கு மூன்று வழிகள். ஒன்று, நல்ல வருமானமுள்ள உறவினரோ நண்பரோ பிணை நிற்பது. இரண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் நிறுவனங்கள். மூன்றாவது, எனக்குப் பிடித்தது: நார்தர்ன் பூல்வார்டுக்கு வடக்கேயும் எல்ம்ஹர்ஸ்ட், வுட்சைடு பக்கமும் உள்ள இரண்டு மூன்று குடும்ப வீடுகள். உரிமையாளர் பெரும்பாலும் கீழ்த்தளத்திலேயே குடியிருக்கும் புலம்பெயர்ந்தவர். ஆளைப் பார்த்து, பேசிப் பார்த்து வீடு கொடுப்பார். மளிகைக் கடைப் பலகையிலும் தூண்களிலும் ஒட்டியிருக்கும் கையெழுத்து விளம்பரங்களில் பல இத்தகையவை. வங்காள மொழியில் இருந்தால் கடைக்காரரிடம் படித்துச் சொல்லக் கேளுங்கள். பேச்சுக்கு ஒரு தொடக்கமும் ஆயிற்று.

2025 ஜூன் 11 முதல், தரகரை யார் அமர்த்தினாரோ அவரே தரகுக் கட்டணத்தைத் தர வேண்டும் என்பது நகரச் சட்டம். உரிமையாளர் வைத்த தரகர் உங்களிடம் ஆண்டு வாடகையில் 15 சதவீதம் கேட்டால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விண்ணப்பக் கட்டணம் பொதுவாக 20 டாலருக்கு மேல் போகக் கூடாது.

அடித்தள வீடுகள் மலிவாகக் கிடைக்கும். வேண்டாம். 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மழை ஒரே இரவில் கொட்டியபோது குவீன்ஸின் அடித்தள அறைகளில் தண்ணீர் புகுந்து குடும்பங்கள் மூழ்கி இறந்தன. அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலக் குறைந்த வாடகை தேடி வந்த புலம்பெயர்ந்தவர்கள். வெளியேற ஒரே வழி உள்ள, நகரத்தின் அனுமதி பெறாத அறையில் பிள்ளைகளோடு படுக்க எந்த வாடகைக் குறைப்பும் காரணமாகாது. சில மாதம் வேறொரு குடும்பத்தோடு மேல்தளத்தில் அறை பகிர்ந்து இருப்பது எவ்வளவோ மேல்.

வீட்டை இரண்டு முறை பாருங்கள், ஒரு முறை இரவில். ரூஸ்வெல்ட் அவென்யூவைப் பார்த்த ஜன்னல் என்றால், தூண்கள்மேல் ஓடும் 7-ஆம் எண் ரயில் இரவு முழுக்க உங்களோடு இருக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்து காத்திருங்கள். முந்தைய ஆண்டில் மூட்டைப்பூச்சி இருந்ததா என்பதை உரிமையாளர் எழுத்தில் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் இருந்தால் ஜன்னல் கம்பி போட்டுத் தருவது அவர் பொறுப்பு. நகர வீட்டுவசதித் துறையின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் அந்தக் கட்டடத்தின்மேல் உள்ள விதிமீறல்கள் எல்லாம் வரும். அதைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

1974-க்கு முன் கட்டப்பட்ட, ஆறும் அதற்கு மேலும் வீடுகள் கொண்ட கட்டடம் என்றால் உங்கள் வீடு வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கலாம். அப்படியானால் ஆண்டுதோறும் எவ்வளவு ஏற்றலாம் என்பதை நகர வாரியம் தீர்மானிக்கும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. குடிவந்ததும் மாநில வீட்டுவசதித் துறைக்கு எழுதி அந்த வீட்டின் வாடகை வரலாற்றைக் கேளுங்கள். இலவசம். பல குடும்பங்கள் சட்டத்துக்கு மேல் வாடகை கட்டிக்கொண்டிருப்பது இந்தத் தாள் வரும்போதுதான் தெரியவருகிறது.

குளிர்காலம் வரும்போது நினைவில் வைக்க வேண்டியது: அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 பாரன்ஹீட்டுக்குக் (சுமார் 13 செல்சியஸ்) கீழே போனால், பகலில் வீட்டுக்குள் குறைந்தது 68 (20 செல்சியஸ்) இருக்க வேண்டும். இரவில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62 இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முதலில் கட்டடப் பராமரிப்பாளரிடம் சொல்லுங்கள். அவரை இங்கே சூப்பர் என்பார்கள். நடக்கவில்லையா, நகரத்தின் உதவி எண்ணான 311-க்கு அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் உண்டு. வெப்பநிலையைத் தேதி போட்டு எழுதி வைத்தால் புகார் வலுக்கும். வாடகையைக் காசோலையாகத் தாருங்கள். ரொக்கமாகத் தந்தால் ரசீது வாங்குங்கள், உரிமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

படி 4: முதல் இரண்டு வாரம்

ஐடிஎன்ஒய்சி என்ற நகர அடையாள அட்டைக்கு நேரம் வாங்குங்கள். 2015-இல் தொடங்கியது, பத்து வயதும் அதற்கு மேலும் உள்ள எந்த நகரவாசிக்கும் இலவசம், குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை. பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் வேண்டும். இந்த நாட்டில் வேறு அடையாளம் எதுவும் இல்லாத உங்கள் பெற்றோருக்கு இது மிகவும் பயன்படும்.

அடுத்து 81-வது தெருவில் உள்ள குவீன்ஸ் பொது நூலகக் கிளை. உறுப்பினர் அட்டை இலவசம். ஆங்கில வகுப்புகள், கணினி, பிள்ளைகளுக்குக் கதை நேரம், குடியுரிமைத் தேர்வுக்கான உதவி எல்லாம் குவீன்ஸ் நூலகங்களில் கிடைக்கும். முதல் மாதம் முழுவதும் வாரம் இரண்டு நாள், அதே நேரத்தில் போய் உட்காருங்கள். ஏன் அதே நேரம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

போக்குவரத்து எளிது. 74-வது தெரு நிலையத்தில் ஐந்து தடங்கள் சேர்கின்றன: மேலே 7, கீழே ஈ, எஃப், எம், ஆர். மன்ஹாட்டன் போக ஈ ரயில் விரைவு. காலை மாலை ஓடும் 7-ஆம் எண் எக்ஸ்பிரஸ் இந்த நிலையத்தில் நிற்காது. கைபேசியையோ வங்கி அட்டையையோ வாயிலில் தொட்டால் போதும். 2026 முதல் ஒரு பயணம் 3 டாலர். ஒரே அட்டையைத் தொடர்ந்து தொட்டால், ஏழு நாளில் 35 டாலருக்கு மேல் பிடிக்காது. ஆகவே குடும்பத்தில் ஆளுக்கு ஓர் அட்டை வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் பயன்படுத்துங்கள். விமான நிலையத்துக்குப் போகும் க்யூ70 பஸ் இங்கே நின்று போகிறது, கட்டணம் இல்லை. பழைய பயண நோய் தலைதூக்கும் நாளில் அது கொஞ்சம் ஆபத்தான வசதி!

வங்கியில் முன்வைப்புக் கட்டிப் பெறும் கடன் அட்டை ஒன்றை வாங்கி, மாதம் ஒரு சிறு செலவு செய்து முழுதாகக் கட்டுங்கள். ஓராண்டில் கடன் மதிப்பெண் உருவாகிவிடும்.

படி 5: சமையலறையை நிரப்புங்கள்

74-வது தெருவின் பட்டேல் பிரதர்ஸில் இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகின்றன. அது இழப்பு. ரூஸ்வெல்ட் அவென்யூவின் லத்தீன் அமெரிக்கக் காய்கறிக் கடைகளுக்குள் நுழைந்தால் நம் வீட்டுச் சமையலில் பாதி அங்கே இருக்கிறது. சயோட்டே என்று எழுதியிருப்பது சௌசௌ, கூட்டுக்கு அருமை. யூக்கா மரவள்ளிக் கிழங்கு. மேலே மெழுகு பூசியிருப்பார்கள், தோலைத் தடிமனாகச் சீவி நன்றாக வேகவைக்க வேண்டும். வாழைக்காய் ஆண்டு முழுவதும் உண்டு. மலங்கா சேப்பங்கிழங்குக்கு நெருங்கிய உறவு, வறுவலுக்குப் பொருந்தும். பனேலா என்ற கொலம்பிய வெல்லம் கரும்புச் சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றியது. அதைச் சீவிப் போட்டுச் செய்த சர்க்கரைப் பொங்கலில் எங்கள் வீட்டுப் பெரியவர்களே குறை காணவில்லை. உறைபெட்டியில் வாழையிலைக் கட்டு இருக்கும். மெக்சிகோக்காரர்கள் தமாலே அவிக்க வாங்குவார்கள். விருந்து நாளில் நாமும் வாங்கலாம்.

மீனுக்கு 73-வது தெரு. ரோகு, உல்லம் மீன் எனப்படும் இலிஷ், பொடி மீன்கள் எல்லாம் வங்காளதேசத்திலிருந்தும் மியான்மரிலிருந்தும் உறைந்த நிலையில் வருகின்றன. குழம்புக்கு என்று சொன்னால் துண்டு போட்டுத் தருவார்கள். மீன் வெட்டும் இடத்தில் நிற்கும்போது உங்கள் வீட்டில் எப்படிச் சமைப்பீர்கள் என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பார். நேரமில்லை என்று நகர்ந்துவிடாதீர்கள். இந்த ஊரில் நட்பு தொடங்கும் இடங்களில் அது முதன்மையானது.

ஞாயிறு காலை 34-வது அவென்யூவில் விவசாயிகள் சந்தை. கோடையில் வரும் தக்காளியும் சோளமும் கடைச் சரக்கோடு ஒப்பிட முடியாதவை.

படி 6: அக்கம்பக்கத்தாராக ஆவது

பயணிக்கு ஒவ்வொரு நாளும் புதிய கடை, புதிய தெரு. குடியிருப்பவருக்கு அதே கடை, அதே தெரு, அதே நேரம். இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்வதுதான் என் அனுபவத்தில் மிக முக்கியமான படி. ஒரு தேநீர்க் கடை, ஒரு சலவைக் கடை, ஒரு பூங்கா பெஞ்சு. வாரம்தோறும் அதே நாளில் போங்கள். மூன்றாம் வாரம் தலையசைப்பார்கள். இரண்டாம் மாதம் போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். நூலகத்துக்கு அதே நேரம் போகச் சொன்னதும் இதற்காகத்தான்.

34-வது அவென்யூ இதற்குப் பெரிய துணை. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில், 69-வது தெருவிலிருந்து ஜங்ஷன் பூல்வார்டு வரை 26 பிளாக்குகளுக்குப் பகல் நேரத்தில் கார்கள் ஓடுவதைத் தடுத்தார்கள். அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே தடுப்புகளை வைத்து எடுத்தார்கள். இன்றும் மாலையில் பிள்ளைகள் அங்கே சைக்கிள் ஓட்டுகிறார்கள், முதியவர்கள் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள், நடன வகுப்பும் ஆங்கில வகுப்பும் தெருவிலேயே நடக்கின்றன. ஒரு நாற்காலி எடுத்துப்போய் உட்காருங்கள்.

அழைப்பு முறையைக் கவனியுங்கள். நேபாளிகள் வயதில் மூத்த ஆணை ‘தாஇ’ (அண்ணன்) என்றும் பெண்ணை ‘தீதி’ (அக்கா) என்றும் அழைப்பார்கள். வங்காளதேசத்தவர் அதையே பாய், ஆபா என்பார்கள். ஸ்பானிஷ் பேசும் பக்கத்து வீட்டுக்காரர் உங்களை வெசினோ, வெசினா (அண்டை வீட்டுக்காரர்) என்பார். பெயர் சொல்லி அழைப்பதைவிட அண்ணன், அக்கா என்பதே நமக்கும் இயல்பு என்பதால் இது எளிதில் வரும். மின்தூக்கியில் ஏறும்போதும் கடைக்குள் நுழையும்போதும் ‘புவனோஸ் தியாஸ்’ என்று வணக்கம் சொல்லுங்கள். கொலம்பியர்களும் எக்குவடோரியர்களும் வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

கேட்கக் கூடாதது ஒன்று உண்டு: எப்படி வந்தீர்கள், என்ன விசா, தாள் இருக்கிறதா. நம்மவர்களுக்கு இதைச் சாதாரணமாகக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. இங்கே அந்தக் கேள்வி ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுக்கும். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். அதே காரணத்துக்காக, விடியலில் ரயில் நிலையப் படிக்கட்டின் கீழ் தமாலே விற்கும் பெண்களைப் படம் எடுத்து வெளியிடாதீர்கள். நகரம் தெரு வியாபார உரிமங்களின் எண்ணிக்கையைப் பல்லாண்டாகக் கட்டுப்படுத்தி வைத்திருந்ததால் பலரிடம் உரிமம் இல்லை. பயணத்தில் பழகிய கேமரா இங்கே ஒருவருடைய பிழைப்பைப் பறித்துவிடக்கூடும். வாங்கிச் சாப்பிடுங்கள், நன்றாக இருந்தால் சொல்லுங்கள், மறுநாளும் போங்கள்.

பண்டிகைகளுக்கு வெறுங்கையோடு வேடிக்கை பார்க்கப் போகாமல், அழைத்தால் போய் உதவுங்கள். ரமலான் மாத மாலைகளில் 73-வது தெருவில் ஜிலேபியும், பியாஜு என்ற வெங்காயப் பருப்பு வடையும், ஹலீமும் மலைபோல் குவியும். நோன்பு இருக்கும் அண்டை வீட்டுக்குப் பழத்தட்டு ஒன்று கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஈகைத் திருநாளுக்கு முந்தைய இரவில் மருதாணி போடும் பெண்கள் நடைபாதை நெடுக உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மகளை அழைத்துப் போங்கள். தீபாவளிக்கு நீங்கள் பலகாரம் கொடுக்கும் வீடுகளின் பட்டியலில் நம் மொழி பேசாத மூன்று வீடாவது இருக்கட்டும்.

படி 7: பிள்ளைகளும் பள்ளியும்

அரசுப் பள்ளியில் சேர்க்கக் குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது, கேட்க மாட்டார்கள். பிறந்த சான்று அல்லது பாஸ்போர்ட், இரண்டு முகவரிச் சான்றுகள், தடுப்பூசிப் பதிவு போதும். ஐந்து வயது நிறையும் ஆண்டில் கிண்டர்கார்டன். 2017 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம்.

சேரும்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று பயந்து ஆங்கிலம் மட்டும் என்று எழுதும் பெற்றோர் பலர். தமிழ் என்று உண்மையை எழுதுங்கள். அதனால் நடப்பது ஒரு மொழித் தேர்வு மட்டுமே. ஆங்கிலத்தில் உதவி தேவைப்பட்டால் அது பிள்ளைக்கு உரிமையாகக் கிடைக்கும். நாடு நாடாக மாறிய பிள்ளைக்கு ஒரு மொழியில் பேச்சும் இன்னொன்றில் எழுத்துமாக இருக்கும். அந்த இடைவெளியை ஆசிரியருக்கு முதல் வாரமே சொல்லிவிடுவது நல்லது. ஈகைத் திருநாள், சந்திரப் புத்தாண்டு, தீபாவளி மூன்றும் இப்போது நகரப் பள்ளிகளின் விடுமுறை நாட்கள்.

35-வது அவென்யூவும் 81-வது தெருவும் சேரும் முனைக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பொருளாதார மந்தக் காலத்தில் வேலை இழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், ஸ்க்ராபிள் விளையாட்டை உருவாக்கியது இந்த வட்டாரத்தில்தான். தெருப் பலகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே அதன் மதிப்பெண் போட்டிருக்கும்.

படி 8: மருத்துவம், மோசடி

எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை நகரத்துக்குச் சொந்தமானது, நடந்தே போகலாம். 2020 வசந்தத்தில் நியூயார்க்கின் பெருந்தொற்றுத் துயரத்தின் மையம் அதுதான். காப்பீடு பெற முடியாதவர்களுக்கு என்ஒய்சி கேர் என்ற திட்டம் வருமானத்துக்கு ஏற்ற கட்டணத்தில் மருத்துவம் தருகிறது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. பெற்றோருக்காகப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், முக்கியமாக நோய் பெரிதாக இருக்கும்போது.

ரூஸ்வெல்ட் அவென்யூ நெடுக, வரி, பணம் அனுப்புதல், குடியேற்றம் எல்லாம் செய்துதருவோம் என்று பலகை மாட்டிய சிறு அலுவலகங்கள் இருக்கின்றன. நோட்டரி என்பவர் இந்த நாட்டில் கையெழுத்துக்குச் சாட்சி சொல்பவர், வழக்கறிஞர் கிடையாது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் அந்தப் பதவிக்குச் சட்டத் தகுதி பெரிது என்பதால் அங்கிருந்து வருபவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள், நம்மவர்களும் ஏமாறுகிறார்கள். தவறாக நிரப்பிய ஒரு படிவம் நாடுகடத்தல் வழக்காக மாறலாம். 311-க்கு அழைத்துக் குடியேற்றச் சட்ட உதவி என்று சொன்னால் நகரம் நம்பகமான இலவச உதவிக்கு இணைத்துவிடும்.

படி 9: கோயிலும் தமிழும்

7-ஆம் எண் ரயிலில் கிழக்கே கடைசி நிலையம் ஃப்ளஷிங். அங்கே பவுன் தெருவில் இருக்கிறது ஸ்ரீ மகா வல்லப கணபதி தேவஸ்தானம். ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய தமிழர் அழகப்பா அழகப்பன் முன்னின்று தொடங்கிய சங்கத்தின் முயற்சியால் எழுந்தது. 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடந்தது. கீழ்த்தளத்து உணவகத்தில் தோசையும் பொங்கலும் கிடைக்கும். வார இறுதியில் வரிசை நீளம். தமிழ்க் குடும்பங்களைச் சந்திக்க அந்த வரிசையே போதும்.

அதே தெருவில் வடக்கே நடந்தால் ஜான் பவுன் என்பவரின் பழைய வீடு. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை ஒடுக்கிய டச்சு ஆளுநரை எதிர்த்து 1657-இல் ஃப்ளஷிங் மக்கள் ஒரு மனு எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தன் வீட்டில் குவேக்கர்களை வழிபட விட்டதற்காக பவுன் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். மேல்முறையீட்டில் வென்று திரும்பி வந்தார். கணபதி அந்தத் தெருவில் குடியிருப்பது எனக்கு மிகுந்த மனநிறைவு தரும் செய்தி. இலங்கையரின் கடைகளும் உணவகங்களும் வேண்டும் என்றால் ஸ்டேட்டன் தீவுக்குப் படகில் போய்வரலாம், படகு இலவசம்.

படி 10: ஊர்க் காரியத்தில் கைகொடுங்கள்

ஆறு மாதம் ஆனதும் மூன்றாம் எண் சமூக வாரியக் கூட்டத்துக்குப் போங்கள். ஜாக்சன் ஹைட்ஸ், கிழக்கு எல்ம்ஹர்ஸ்ட், வடக்கு கரோனா ஆகியவற்றுக்கான வாரியம் அது. தெருவிளக்கு, குப்பை, பஸ் தடம், மதுக்கடை உரிமம் எல்லாம் அங்கே பேசப்படும். குடியுரிமை இல்லாதவரும் வரலாம், பேசலாம். பேச விரும்புவோர் கூட்டத்துக்கு முன்பே பெயர் கொடுத்துவிட வேண்டும். உங்கள் கட்டடத்தில் குடியிருப்போர் சங்கம் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால், வெப்பம் வராத முதல் குளிர்கால வாரத்தில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டி, பெயரும் வீட்டு எண்ணும் அன்றைய வெப்பநிலையும் எழுதி வாங்குங்கள். ஒரு வீட்டுப் புகாரைத் தள்ளிப்போடும் உரிமையாளர் இருபது வீட்டுப் புகாருக்கு அதே வாரத்தில் கொதிகலனைப் பழுதுபார்க்க ஆள் அனுப்புவார். சங்கம் அமைக்கும் உரிமை மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. கட்டடத்தின் முன்கூடத்தில் கூடிப் பேசுவதை உரிமையாளர் தடுக்க முடியாது. அறிவிப்பை ஆங்கிலம், ஸ்பானிஷ், வங்காளம் மூன்றிலும் ஒட்டுங்கள். மொழிபெயர்க்க இரண்டாம் மாடியில் ஒருவர், நான்காம் மாடியில் ஒருவர் நிச்சயம் இருப்பார்கள்.